நகரம் கண்டபடி பரவாமல் தடுக்கும் நிலத் திட்டத்தை மன்றத்தில் நிறைவேற்றுவது எப்படி?

முதலில் வயல் நடுவே ஒரு விளம்பரப் பலகை முளைக்கும். சில மாதம் கழித்துக் கல் நட்டு மனை பிரிப்பார்கள், ஒரு மண்சாலை போடுவார்கள், நாலு வீடு எழும்பும். அந்த நாலு வீட்டுக்காரர்களும் தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, பேருந்து, பள்ளி எல்லாம் கேட்பார்கள், அதில் தப்பே இல்லை, வரி கட்டுகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவு ஊர் முழுக்கப் பங்கிடப்படும். அதற்குள் பக்கத்து வயலிலும் பலகை வந்திருக்கும். இப்படி நகரம் விளிம்பிலேயே நீண்டுகொண்டு போக, நடுவில் காலி மனைகள் புல் முளைத்துக் கிடக்கும். இதைப் பார்த்து வயிறு எரிந்து, இனி கட்டடம் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று ஒரு நிலப்பயன்பாட்டுத் திட்டம் வேண்டும் என்று நீங்கள் கிளம்பியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லா நேரத்தையும் வரைபடத்தில்தான் போடுகிறார்கள். பச்சை எங்கே, மஞ்சள் எங்கே என்று மாதக்கணக்கில் வாதாடுகிறார்கள். மன்றத்தில் திட்டம் தோற்பது பெரும்பாலும் வரைபடத்தால் அல்ல. கட்டடம் இதுவரைதான் என்று திட்டம் போடுகிற எல்லைக் கோட்டுக்கு வெளியே நிலம் வைத்திருப்பவருக்கு என்ன பதில், கோட்டுக்கு உள்ளே வீடு தேடுபவருக்கு என்ன பதில், இந்த இரண்டும் உங்கள் கையில் இல்லாததால்தான் தோற்கிறது. இந்த இரண்டு பேரும் கவுன்சிலரின் வாசலில் வந்து நிற்பார்கள். அவர் அவர்களிடம் என்ன சொல்வது என்று நீங்கள் முன்கூட்டியே கொடுத்திருந்தால்தான் கையைத் தூக்குவார்.

முதல் வேலை: முடிவு யார் கையில் என்று தெரிந்துகொள்வது

ஊருக்கு ஊர் சட்டம் வேறு. சில இடங்களில் உள்ளூர் மன்றமே கடைசி முடிவு எடுக்கும். சில இடங்களில் திட்டக்குழு பரிந்துரைக்கும், மன்றம் தீர்மானம் போடும், அப்புறம் மேலே உள்ள அரசு ஒப்புதல் தர வேண்டும். எது எப்படியோ, மூன்று ஆவணங்களை வாங்கிப் படித்துவிடுங்கள்: இப்போது நடைமுறையில் இருக்கும் திட்டம், எந்தப் பகுதியில் எந்த வகைக் கட்டடம் வரலாம் என்று சொல்லும் மண்டல விதிகள், திட்டத்தைத் திருத்துவதற்கான நடைமுறை. மூன்றாவதை யாரும் படிப்பதில்லை, ஆனால் அதுதான் முக்கியம். அறிவிப்பு எத்தனை நாள் முன்பு கொடுக்க வேண்டும், எந்த நாளிதழில், யாருக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும், ஆட்சேபணைக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நல்ல திட்டம் ஒன்று நீதிமன்றத்தில் அடிபடுவதற்கு, ஒரு தெருக்காரர்களுக்கு நோட்டீஸ் போகவில்லை என்ற ஒரே காரணம் போதும். நகரமைப்பு அலுவலரைப் போய்ப் பாருங்கள். எதிர்த்துப் பேசப் போவது மாதிரி போகாமல், கற்றுக்கொள்ளப் போங்கள். பத்து வருடமாக அவர் மேசையில் இதே பிரச்சினை கிடந்திருக்கும், கேட்க ஆள் வந்ததே அவருக்குப் பெரிய விஷயம்.

காலி நிலத்தை எண்ணுங்கள், நடந்தே எண்ணுங்கள்

"இடமே இல்லை, வெளியே போனால்தான் வீடு கட்ட முடியும்" என்பதுதான் எதிர்த் தரப்பின் முதல் வாதம். அதற்குப் பதில் ஒரு எண்ணிக்கைதான்.

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 1973-ல் வந்த சட்டப்படி ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி ஒரு வளர்ச்சி எல்லை போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கோட்டுக்குள் அடுத்த 20 ஆண்டு வீட்டுத் தேவைக்கு நிலம் இருக்க வேண்டும் என்பதும் விதி. போர்ட்லண்ட் பெருநகரத்தின் எல்லை 1979-ல் போடப்பட்டது. சுவிட்சர்லாந்தில் 2013 மார்ச்சில் மக்கள் வாக்கெடுப்பு நடந்து, ஏறக்குறைய 63 சதவீதம் பேர் ஆதரவு தந்து நிறைவேறிய திருத்தம், கட்டட மண்டலங்கள் 15 ஆண்டுத் தேவையைத் தாண்டக்கூடாது, தாண்டியிருந்தால் சுருக்க வேண்டும் என்றது. இரண்டிலும் கணக்குதான் அடிப்படை. இவ்வளவு பேர் வருவார்கள், இவ்வளவு வீடு வேண்டும், இவ்வளவு நிலம் உள்ளே இருக்கிறது, ஆகவே கோடு இங்கே. அப்படி வந்தால்தான் அது தன்னிஷ்டமாகப் போட்ட கோடு என்று யாரும் சொல்ல முடியாது.

செய்யும் விதம் எளிது. நகர வரைபடத்தை வட்டம் (வார்டு) வாரியாகப் பிரித்து அச்செடுத்து, ஆளுக்கு ஒரு தாள், மூன்று வண்ணப் பென்சில் என்று கொடுங்கள். காலி மனைக்குச் சிவப்பு. ஒற்றைத் தளக் கிடங்கு, பாதி காலியாகக் கிடக்கும் வாகன நிறுத்துமிடம், மூடிப்போன ஆலை மாதிரி இன்னும் நன்றாகப் பயன்படுத்தக்கூடிய இடத்துக்கு நீலம். வெள்ளம் தேங்கும் இடம், செங்குத்துச் சரிவு மாதிரி கட்டவே கூடாத இடத்துக்குச் சாம்பல். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீட்டிலிருந்தே செய்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். படத்தில் காலியாகத் தெரிகிற இடத்தில் நேரில் போனால் அஸ்திவாரம் தோண்டியிருக்கும், மரத்தடியில் மறைந்த காலி மனை படத்தில் தெரியாமல் போகும். தவிர, நடந்து போய் எண்ணிய தாளை மன்றத்தில் விரித்து வைக்கும்போது, "இந்தத் தெருவில் எதிர்ப்புறம் மூன்றாவது மனை பதினோரு வருடமாகக் காலி" என்று சொல்ல முடிகிற ஆளிடம் யாரும் வாய்வீச்சு வீச மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டாதீர்கள். வழக்கில் கிடக்கும் மனை, உரிமையாளர் விற்கவே மாட்டேன் என்கிற மனை எல்லாம் 20 வருடத்தில் வீடாகிவிடாது. அதற்கு ஒரு கழிவு போட்டு, இவ்வளவு கழித்திருக்கிறோம் என்று எழுதியே கொடுங்கள். எதிர்த் தரப்பு கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிட்டால் மீதி எண்களை நம்புவார்கள்.

குழாய்க் கணக்கு

இயற்கை, பசுமை என்று பேசினால் கவுன்சிலர்கள் தலையாட்டுவார்கள். குழாய், சாலை, பராமரிப்புச் செலவு என்று பேசினால் பேனாவை எடுப்பார்கள்.

ஒரு எளிய கணக்கு சொல்கிறேன், இதை எந்த ஊரிலும் போடலாம். தெருவின் இரண்டு பக்கமும் வீடு இருந்து, ஒவ்வொரு மனையின் முகப்பும் 15 மீட்டர் என்றால், தெருவில் ஓடும் குடிநீர்க் குழாயில் ஒரு வீட்டின் பங்கு ஏழரை மீட்டர். முகப்பு 60 மீட்டர் என்றால் பங்கு 30 மீட்டர். சாக்கடைக் குழாய், தார்ச்சாலை, தெருவிளக்குக் கம்பி எல்லாவற்றுக்கும் இதே நான்கு மடங்குதான். இதில் நகரத்திலிருந்து அந்த மனைப்பிரிவுவரை போகிற மூன்று நான்கு கிலோமீட்டர் இணைப்பைச் சேர்க்கவே இல்லை. முதல் முறை குழாய் போடும் செலவை மனை விற்பவர் ஏற்கலாம். முப்பது நாற்பது வருடம் கழித்து அது துருப்பிடித்து வெடிக்கும்போது மாற்றுவது மன்றத்தின் செலவு. உங்கள் மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு மீட்டர் குழாய் மாற்ற எவ்வளவு ஆகிறது என்பதைத் தேடி எடுத்து, இந்த மீட்டர்களோடு பெருக்கி ஒரே பக்கத்தில் கொடுங்கள்.

குழாய்தான் சில சமயம் திட்டமே ஆகிவிடும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரத்தில் மலைச் சரிவில் வீடுகள் ஏறிக்கொண்டே போவதைத் தடுக்க, 1959-ல் குடிமக்கள் கூடி, மலையில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நகரத் தண்ணீர் தரப்படாது என்று நகரச் சாசனத்தில் திருத்தம் கொண்டுவந்து வாக்கெடுப்பில் ஜெயித்தார்கள். கட்டக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, தண்ணீர் வராது என்றார்கள், அவ்வளவுதான். அதே நாட்டில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரம் 1958-லேயே நகர சேவைகள் எதுவரை போகும் என்று ஒரு எல்லை போட்டது. கோடு எங்கே போடுவது என்று திணறினால், ஏற்கெனவே குழாய் போகிற இடத்தை வைத்துத் தொடங்குங்கள்.

விளிம்பு நிலத்துக்காரரிடம் முதலில் போங்கள்

இதைத் தள்ளிப்போடத்தான் எல்லோருக்கும் தோன்றும். நானும் தள்ளிப்போட்டிருக்கிறேன். நாங்கள் முதன்முதலில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனபோது, பின்வரிசையிலிருந்து வயதான ஒரு விவசாயி எழுந்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை. "எனக்கு ஓய்வூதியம் கிடையாது. இந்த நிலம்தான் என் ஓய்வூதியம். நீங்கள் போடுகிற கோடு அதைப் பாதியாக்குகிறது. மீதியை யார் தருவார்கள்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. எங்களிடம் நாற்பது பக்கம் இருந்தது, அந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை. எங்கள் பக்கம் சாய்ந்திருந்த ஒரு கவுன்சிலர் அந்த நிமிடத்தில் வரைபடத்தை மடித்து வைத்ததைப் பார்த்தேன். அவர் மறுபடி எங்கள் பக்கம் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அதனால் வரைவு அச்சாகும் முன்பே, கோடு எந்தெந்த நிலத்தைத் தொடுகிறது என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொருவர் வீட்டுக்கும் போங்கள். பேச அல்ல, கேட்க. எல்லோரும் ஒரே ரகம் அல்ல என்பது அப்போதுதான் தெரியும். ஒருவர் விவசாயத்தைத் தொடரவே விரும்புவார், பக்கத்தில் வீடுகள் வந்து தூசி, சத்தம் என்று புகார் கொடுப்பார்களே என்பதுதான் அவர் கவலை. அவர் உங்கள் ஆள். இன்னொருவர் பிள்ளைக்கு ஒரு வீடு கட்ட இடம் விட்டால் போதும் என்பார், அதைத் திட்டத்திலேயே எழுதிவிடலாம். மூன்றாமவர் விலை ஏறும் என்று வாங்கிப் போட்டவர், அவரைச் சமாதானப்படுத்த முடியாது, சரி, ஆனால் முதல் இரண்டு பேரையும் அவர் பின்னால் தள்ளிவிடாமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. ஓரிகான் சட்டத்தை மாநில செனட்டில் முன்னின்று கொண்டுவந்தவர் ஹெக்டர் மக்ஃபெர்சன் என்ற பால்பண்ணை விவசாயி. தன் பண்ணையைச் சுற்றி வீடுகள் நெருக்கிக்கொண்டு வந்ததைக் கண்ணால் பார்த்தவர். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார், தேடுங்கள்.

நட்டத்துக்கு என்ன வழி என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மான்ட்கோமரி கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) 1980-ல் ஏறக்குறைய 93,000 ஏக்கரை விவசாயத்துக்கென்று ஒதுக்கியது. அங்கே 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம். அதற்கு ஈடாக, ஒவ்வொரு 5 ஏக்கருக்கும் ஒரு கட்டும் உரிமையை நிலத்துக்காரர் விற்கலாம், அதை வாங்குகிற பில்டர் கவுண்டியின் வேறு பகுதியில், ஏற்கெனவே வளர்ந்த இடத்தில், கூடுதல் வீடு கட்டிக்கொள்ளலாம். நிலம் விவசாயியிடமே இருக்கும், பணமும் கைக்கு வரும். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: உரிமையை வாங்க ஆள் வேண்டும் என்றால் நகருக்குள் கூடுதல் மாடி அனுமதிக்கிற இடம் உண்மையிலேயே இருக்க வேண்டும். அது இல்லாமல் உரிமைப் பத்திரத்தை மட்டும் கையில் கொடுத்தால் அது வெறும் காகிதம். சுவிட்சர்லாந்து வேறு வழியில் போனது. விவசாய நிலம் கட்டட நிலமாக மாறும்போது விலை ஏறுகிறது அல்லவா, அந்த ஏற்றத்தில் குறைந்தது 20 சதவீதத்தை வரியாக எடுத்து, மண்டலம் சுருக்கப்பட்டு நட்டப்பட்டவர்களுக்கு ஈடு தர வைத்தார்கள்.

ஈடே தராமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா இருக்கிறது. 1971-ல் சோல் நகரைச் சுற்றிப் பசுமை வளையம், அதாவது கட்டடம் கூடாத ஒரு நிலப்பட்டை, போட்டார்கள், நிலத்துக்காரர்களுக்கு ஈடு எதுவும் இல்லை. இருபத்தேழு வருடம் மனக்கசப்பு சேர்ந்து, 1998-ல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், நிலத்தைப் பயன்படுத்தவே முடியாத அளவுக்குக் கட்டுப்படுத்திவிட்டு ஈடு தராமல் இருப்பது அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. அப்புறம் வளையத்தைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

கோட்டுக்குள்ளே கதவைத் திறங்கள்

வெளியே கட்டாதே என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் வீட்டு விலை ஏறும். இதில் மழுப்ப எதுவும் இல்லை. விளிம்பில் பூட்டிவிட்டு நடுவிலும் இரண்டு மாடிக்கு மேல் கூடாது என்று வைத்திருந்தால் ஆட்கள் எங்கே போவார்கள்? கோட்டைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய், அங்கிருந்து தினமும் காரில் வருவார்கள். லண்டனைச் சுற்றிய பசுமை வளையத்தைத் தாண்டி இப்படித்தான் நடந்தது. போல்டரிலும் அதே கதைதான், வேலை ஊருக்குள், வீடு வெளியூரில் என்று ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் வந்து போகிறார்கள். பரவலைத் தடுக்கப் போய்ப் பரவலை இருபது கிலோமீட்டர் தள்ளி வைத்ததாகத்தான் முடியும்.

எனவே இரண்டையும் ஒரே தீர்மானத்தில் வையுங்கள். வெளியே கட்டுப்பாடு, உள்ளே தளர்வு. பேருந்து, ரயில் போகிற சாலைகளின் இருமருங்கிலும் அடுக்குமாடிக்கு அனுமதி, ஒரு மனையில் ஒரே குடும்பம்தான் இருக்கலாம் என்ற விதிக்குத் தளர்வு, இத்தனை கார் நிறுத்த இடம் கட்டாயம் என்ற விதிக்குக் குறைப்பு. கோப்பன்ஹேகன் 1947-ல் போட்ட திட்டம் ஐந்து விரல் கொண்ட கை மாதிரி. ரயில் தடங்களை ஒட்டி விரல்கள் போல நகரம் நீளலாம், விரல்களுக்கு நடுவே பசுமை. எங்கே வளரக்கூடாது என்பதைவிட எங்கே வளரலாம் என்பதை அது தெளிவாகச் சொன்னது.

இங்கே உங்கள் குழுவுக்குள்ளேயே சண்டை வரும், தயாராக இருங்கள். வயலைக் காப்பாற்ற முதல் ஆளாக வந்தவரே, தன் தெருவில் நான்கு மாடி என்றதும் முறுக்கிக்கொள்வார். அவரிடம் கோபப்படாமல், அவருடைய தெருவுக்கே கூட்டிப்போய், எந்த மனையில் எவ்வளவு உயரம் வரும், எங்கே நிழல் விழும் என்று ஒரு படம் வரைந்து காட்டுங்கள். மனதில் இருக்கும் கட்டடம் எப்போதும் காகிதத்தில் இருப்பதைவிட உயரமாகத்தான் இருக்கும். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் விலகட்டும். உள்ளே தளர்வு என்ற பாதியை வெட்டிவிட்டுப் போகிற திட்டத்துக்காக நான் உழைக்க மாட்டேன். வாடகைக்கு இருக்கிறவர்கள் தலையில் விடியும் திட்டம் அது.

அறிவிப்புக்கும் தீர்மானத்துக்கும் நடுவில் குவியும் விண்ணப்பங்கள்

சின்னப் படி, ஆனால் தவறவிட்டால் எல்லாம் போச்சு. இப்படி ஒரு திட்டம் வருகிறது என்று வெளியே தெரிந்த நாளிலிருந்து, பழைய விதிப்படி அனுமதி வாங்கிவிட மனைப்பிரிவு விண்ணப்பங்கள் வந்து குவியும். தீர்மானம் நிறைவேறும்போது காப்பாற்ற வேண்டிய நிலத்தில் பாதி கையைவிட்டுப் போயிருக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா இதை நன்றாகக் கையாண்டது. 1972 டிசம்பரில் விவசாய நிலத்தைப் பிரிப்பதை முதலில் நிறுத்தி வைத்தார்கள், சட்டம் 1973 ஏப்ரலில் வந்தது. உங்கள் சட்டத்தில் இடைக்கால நிறுத்தத்துக்கு இடம் இருக்கிறதா, எத்தனை மாதத்துக்கு என்று வழக்கறிஞரிடம் கேட்டு, வரைவு வெளியாகிற அன்றே அந்தத் தீர்மானமும் வருமாறு செய்யுங்கள். இதை ஒளிவுமறைவாகச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் காலக்கெடு கட்டாயம் இருக்க வேண்டும். முடிவு தேதி இல்லாத நிறுத்தம் நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம்.

கை எண்ணுவது

மன்றத்தில் ஒன்பது பேர் என்றால் உங்களுக்கு ஐந்து கை வேண்டும். சில இடங்களில் திட்டத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கேட்பார்கள், அப்படியானால் ஆறு. ஒரு தாளில் ஒன்பது பெயரும் எழுதி, எதிரே ஆதரவு, எதிர்ப்பு, தெரியாது என்று குறித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பாருங்கள். "பார்க்கலாம், நல்ல யோசனைதான்" என்றால் அது ஆதரவு இல்லை, தெரியாது என்ற பத்தியில் போடுங்கள். "என்ன இருந்தால் நீங்கள் ஆதரிப்பீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். நிறைய பேர் கேட்பதே இல்லை. ஒருவர் தன் வட்டத்தில் ஒரு சாலையைக் கோட்டுக்குள் சேர்க்கச் சொல்வார், இன்னொருவர் இரண்டு வருடம் கழித்து மறுபரிசீலனை வேண்டும் என்பார், இதெல்லாம் கொடுக்கக்கூடியவை.

கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது அவருடைய வட்டத்தில் ஓட்டுப் போடுகிற இரண்டு மூன்று பேரைக் கூட்டிப் போங்கள். எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் வெளியூர் ஆள் என்றால் எடை குறைவுதான். பில்டர்களையும் போய்ப் பாருங்கள். எல்லா பில்டரும் எதிரி அல்ல. நகருக்குள் கட்டுகிறவர்களுக்கு உங்கள் திட்டத்தின் இரண்டாம் பாதி பொன் மாதிரி. அவர்களில் ஒருவர் மன்றத்தில் எழுந்து ஆதரித்தால், இது கட்டடத் தொழிலுக்கே விரோதமான திட்டம் என்ற பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

கருத்துக்கேட்புக் கூட்டம்

ஆளுக்கு மூன்று நிமிடம்தான் தருவார்கள், சில இடங்களில் இரண்டு. நாற்பது பேர் ஒரே விஷயத்தை நாற்பது முறை சொல்வதால் பயனில்லை. ஏழெட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு ஒரு விஷயம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விவசாயத்தைத் தொடர விரும்பும் நிலத்துக்காரர் முதலில் பேசட்டும். அடுத்து, வாடகை கட்டி மாளாமல் நகருக்குள் வீடு தேடும் இளம் தம்பதி. தீயணைப்பு வண்டி விளிம்புக்குப் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று சொல்லக்கூடிய ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். குழாய்க் கணக்கை ஒருவர், காலி மனை எண்ணிக்கையை ஒருவர். மற்றவர்கள் பெயர் சொல்லி, ஆதரிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரட்டும், அதுவும் பதிவாகும்.

பேசுகிற எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை வழக்கு வந்தால் நீதிபதி பார்ப்பது கூட்டத்தில் பதிவான ஆவணத்தைத்தான், உங்கள் உணர்ச்சியை அல்ல. எதிர்த்துப் பேசுகிறவர் பேசும்போது முணுமுணுக்காதீர்கள், கை தட்டாதீர்கள். அந்த வயதான விவசாயி பேசியபோது எங்கள் வரிசையில் ஒருவர் உச்சுக் கொட்டினார். அதற்கு நாங்கள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சம் அல்ல.

தீர்மானம் வரும் இரவு

கடைசி நேரத்தில் திருத்தங்கள் வரும். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று முந்தின நாளே உட்கார்ந்து முடிவு செய்து, மன்றத்தில் உங்கள் திட்டத்தை முன்மொழிகிற கவுன்சிலரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு மூலையில் கோடு முந்நூறு மீட்டர் நகர்ந்தால் நகரட்டும். ஆனால் "தகுந்த காரணம் இருந்தால் மன்றம் விலக்கு அளிக்கலாம்" என்று ஒரு வரி வந்தால் எழுந்து நின்று எதிர்க்கச் சொல்லுங்கள். யாருக்கும் ஆபத்தில்லாத வரி மாதிரிதான் தெரியும். எது தகுந்த காரணம் என்று எழுதாத வரை, அந்த ஒரு வரி வழியாக முழுத் திட்டமும் வெளியே போய்விடும். விலக்கு வேண்டும் என்றால், எந்தெந்தச் சூழ்நிலையில், யார் நிரூபிக்க வேண்டும், எத்தனை கை வேண்டும் என்று எழுதியே ஆக வேண்டும்.

நிறைவேறிய பிறகு

ஒரு நாள் கொண்டாடிக்கொள்ளுங்கள், அடுத்த நாள் மறுபடி வேலைக்கு வாருங்கள். ஓரிகான் சட்டத்தை நீக்க 1976, 1978, 1982 என்று மூன்று முறை வாக்கெடுப்பு கொண்டுவந்தார்கள், மூன்றும் தோற்றது. ஆனால் 2004-ல், கட்டுப்பாட்டால் நிலத்தின் மதிப்பு குறைந்தால் ஈடு கொடு அல்லது கட்டுப்பாட்டை விலக்கு என்ற சட்டம் வாக்கெடுப்பில் ஜெயித்துவிட்டது. 2007-ல் இன்னொரு வாக்கெடுப்பு நடத்தித்தான் அதன் வீச்சைக் குறைக்க முடிந்தது. முப்பது வருடம் பழகிய சட்டத்துக்கே இந்த நிலை. கனடாவின் ஒன்டாரியோவில் 2005-ல் வந்த பசுமை வளையத்திலிருந்து 2022-ல் சுமார் 7,400 ஏக்கரை அரசு எடுத்தது. அதனால் அந்த நிலத்துக்காரர்களுக்கு 830 கோடி டாலருக்கு மேல் மதிப்பு கூடும் என்று மாகாணத் தலைமைத் தணிக்கையாளர் 2023 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார். மக்கள் கொதித்தார்கள், அடுத்த மாதமே அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. யாராவது அந்த வரைபடத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் அது முடிந்தது.

கலிபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்குக்காரர்கள் இன்னொரு பூட்டுப் போட்டார்கள். 1968-ல் விவசாய ஒதுக்கீடு கொண்டுவந்தபோது அது கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழுவின் தீர்மானம்தான், நாளை வேறு குழு வந்தால் மாற்றிவிடலாம். அதனால் 1990-ல், விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும் என்று வாக்கெடுப்பு நடத்தி நிறைவேற்றினார்கள். 1995-ல் மாநில உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. உங்கள் சட்டம் இடம் கொடுத்தால் அதை யோசியுங்கள். இடம் கொடுக்காவிட்டால், கோட்டை மாற்றுவது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மட்டும், எல்லா விண்ணப்பமும் ஒன்றாகப் பரிசீலிக்கப்படும் என்று திட்டத்திலேயே எழுதி வாங்குங்கள். தனித்தனியாக வந்தால் ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரியும், சேர்த்து வைத்தால்தான் அளவு புரியும்.

அப்புறம் உங்கள் குழுவில் மாதம் ஒருவர் என்று முறை போட்டுக்கொண்டு, மன்றக் கூட்டத்தின் அஜெண்டா வெளியாகிற அன்றே எடுத்துப் படியுங்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், இணைப்புகளையும் திறந்து பாருங்கள். முதல் விலக்கு விண்ணப்பம் பெரும்பாலும் பெரிய மனைப்பிரிவுக்காக வராது. ஊரில் எல்லோருக்கும் பிடித்த ஒருவர், நல்ல காரணம் ஒன்றோடு, ஒரே ஒரு ஏக்கருக்குக் கேட்பார். அன்று கூட்டத்துக்குப் போங்கள். அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள், கோட்டுக்குள் அதே காரியத்துக்கு ஏற்ற இரண்டு மூன்று மனைகளின் எண்ணை உங்கள் பழைய வண்ணத் தாளிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுங்கள்.